பல்லைக் காக்கும் உணவும், பல்லைக் கெடுக்கும் தண்ணீரும்

அல்லாஹ் ஜல்ல ஷானுஹூ மனிதனுக்கு அருளியிருக்கும் நிஃமத்துகள் எண்ணி முடியாதவை. அவற்றுள் பல்லும் ஒன்று. உணவை அரைத்து வயிற்றுக்கு அனுப்புவதும் அதுவே. திருக்குர்ஆனின் எழுத்துகளை அதனதன் மக்ரஜிலிருந்து சரியாக வெளிப்படுத்தத் துணை நிற்பதும் அதுவே. முன்பல் விழுந்த பிள்ளை ‘ஃபா’வையும் ‘ஸா’வையும் உச்சரிக்கப் படும் பாட்டை மக்தபில் ஓதிக் கொடுப்பவர்கள் நன்கு அறிவார்கள். இருக்கும்போது அருமை தெரியாமல், போன பிறகு தேடும் நிஃமத்துகளில் பல்லுக்கே முதலிடம் என்றால் மிகையாகாது.

பல்லைப் பற்றி நம் மார்க்கம் சொல்லும் போதனை சிறியதல்ல. தம் உம்மத்துக்குச் சிரமமாகிவிடும் என்ற அச்சம் இல்லாதிருந்தால், ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக் செய்யும்படி கட்டளையே இட்டிருப்பேன் என்ற கருத்தில் ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளது. மிஸ்வாக் வாயைச் சுத்தப்படுத்துகிறது, ரப்பின் பொருத்தத்தையும் பெற்றுத் தருகிறது என்ற கருத்தும் நபிமொழியாக வந்துள்ளது. ஆகவே பல்லைப் பேணுவது வெறும் அழகுக் காரியமன்று. அது இபாதத்தோடு சேர்ந்த காரியம்.

ஆயினும், தருமபுரி மாவட்டத்தில் வாழும் நமக்கு இந்தப் பாடத்தில் ஒரு தனிப் பகுதி உண்டு. சேலத்துக்கும் தருமபுரிக்கும் இடையே கணவாய்ச் சாலையில் இருக்கும் தொப்பூரானாலும், மாவட்டத்தின் வேறு எந்த ஊரானாலும், ஐந்து வேளையும் தவறாமல் மிஸ்வாக் செய்கிற குடும்பத்துப் பிள்ளைகளின் முன்பற்களிலும் சுண்ணாம்பு பூசியது போன்ற வெண்திட்டுகளோ, மஞ்சள், பழுப்பு நிறக் கோடுகளோ தென்படலாம். தேய்த்தாலும் போகாத இந்தக் கறை அழுக்கால் வந்ததன்று, தண்ணீரால் வந்தது. இதன் காரணத்தையும், குடும்பத்தார் செய்ய வேண்டியதையும் அறிந்துகொள்வது அவசியம்.

கறைக்குக் காரணம் என்ன?

நம் பகுதியின் நிலத்தடியில் இருப்பது கருங்கல் பாறை. அப்பாறையிலுள்ள சில கனிமங்களில் ‘ஃபுளோரைடு’ என்னும் உப்பு கலந்திருக்கிறது. மழைநீர் பாறை இடுக்குகளில் இறங்கி நெடுங்காலம் தங்கும்போது அந்த உப்பைக் கரைத்துக்கொள்கிறது. ஆழ்துளைக் கிணறு தோண்டி அந்நீரை மேலே கொண்டுவருகிறோம். பார்வைக்கு அது பளிங்கு போலத்தான் இருக்கும். நிறமில்லை, மணமில்லை, நாக்குக்கும் வித்தியாசம் தெரியாது.

இந்திய தர நிர்ணயத்தின்படி ஒரு லிட்டர் குடிநீரில் ஃபுளோரைடு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீருக்கு வழியே இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனமும் 1.5 மில்லிகிராமையே எல்லையாகக் கூறுகிறது. இதில் ஒரு படிப்பினை உண்டு. இதே ஃபுளோரைடு சிறிதளவு இருந்தால் பல் சொத்தையாகாமல் காக்கிறது; அளவு மிஞ்சினால் அதே பல்லைக் கெடுக்கிறது. ஒவ்வொரு பொருளையும் அல்லாஹ் ஓர் அளவோடு படைத்திருப்பதாகத் திருமறை கூறுவதை இங்கு நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த நோய் மனிதர்களிடம் இருப்பதை நம் நாட்டில் முதன்முதலாக 1937-ல் பதிவு செய்தவர்கள் சென்னை கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்துக் கிராமங்களில் அவர்கள் இதைக் கண்டார்கள். பல் கறையோடு நில்லாமல், முதுகும் மூட்டுகளும் இறுகிப்போய், குனியவும் நிமிரவும் முடியாதவர்களை அங்கே கண்டார்கள். குனிய முடியாதவர் ருகூஉ செய்வது எப்படி, ஸஜ்தா செய்வது எப்படி என்று எண்ணிப் பார்த்தால் இந்த விஷயத்தின் கனம் விளங்கும்.

எந்த வயதில் ஆபத்து?

இது தாய்மார்கள் மிகவும் கவனிக்க வேண்டிய இடம். நிரந்தரப் பல் ஆறு, ஏழு வயதில்தான் வெளியே முளைக்கிறது. ஆனால் அது தாடைக்குள்ளே உருவாகத் தொடங்குவது குழந்தை பிறந்த காலத்திலிருந்தே. பல்லின் மேல்பூச்சான எனாமல் இறுகி முடிய ஏறக்குறைய எட்டு வயதாகிறது. முன்பற்களுக்கு முதல் மூன்று நான்கு ஆண்டுகளே முக்கியமானவை. அந்தக் காலத்தில் பிள்ளை குடித்த தண்ணீரின் கணக்கு, பின்னர் முளைக்கும் பல்லில் எழுதப்பட்டு வெளிவருகிறது. எட்டு வயதுக்கு மேல் புதிதாகப் பல் கறை உண்டாவதில்லை. உண்டான கறை தானாக மறைவதுமில்லை. ஆனால் எலும்புக்கும் மூட்டுக்கும் உள்ள ஆபத்து எந்த வயதிலும் உண்டு.

ஆகவே பல் முளைத்த பின் பற்பசையையும் பொடியையும் மாற்றிக்கொண்டிருப்பதால் பயனில்லை. பால் குடிக்கும் பருவத்திலேயே விழிப்பு வேண்டும். இங்கே அல்லாஹ்வின் ஹிக்மத்தைப் பாருங்கள். தாய் குடிக்கும் தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்தாலும் தாய்ப்பாலில் அது மிகச் சொற்பமே வந்து சேர்கிறது. பாலூட்டலை முழுமையாக்க விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகள் என்று அல்பகரா அத்தியாயத்தில் அல்லாஹ் வரையறுத்துக் காட்டியிருக்கிறான். அந்தப் பாலை நிறுத்திவிட்டு, போர்வெல் தண்ணீரில் மாவுப்பாலைக் கரைத்துக் கொடுப்பது பிள்ளையின் பல்லுக்கு நாமே தீங்கு தேடுவதாகும்.

முதலில் தண்ணீர், பிறகே உணவு

பல்லுக்கு நல்ல உணவு எது என்று கேட்பவர்களுக்கு நாம் சொல்லும் முதல் பதில் தண்ணீர்தான். கேழ்வரகு நல்லதுதான், ஆனால் களி கிண்டிய தண்ணீர் கெட்டதாக இருந்தால்?

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்த நோயைப் போக்குவதற்காகவே வகுக்கப்பட்டது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் 1,928 கோடி ரூபாய் மதிப்பீட்டில், 2008-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013 மே மாதத்தில் தொடங்கிவைக்கப்பட்ட இத்திட்டத்தின் மூலம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீர் கொண்டுவரப்படுகிறது. இது பெரிய நிஃமத். ஆனால் பல வீடுகளில் நடப்பது என்ன? குழாயில் வரும் காவிரி நீரைத் துணி துவைக்கவும் வாசல் தெளிக்கவும் செலவழித்துவிட்டு, அது தீர்ந்தவுடன் சமையலுக்குப் போர்வெல்லைத் திறக்கிறார்கள். இது தலைகீழான வழக்கம். கீழ்க்கண்டவற்றை வீட்டில் கைக்கொள்ள வேண்டும்:

1. குடிக்கவும், சோறு, குழம்பு, களி, கஞ்சி, தேநீர் ஆக்கவும் காவிரி நீரை மட்டும் தனிப் பாத்திரத்தில் மூடி வைத்துப் பயன்படுத்துங்கள். குளிக்க, துவைக்க, ஒளுச் செய்யப் போர்வெல் தண்ணீர் போதும்; தோல் வழியாக ஃபுளோரைடு உடலில் ஏறுவதில்லை.

2. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். துணியால் வடிகட்டுவதும் சாதாரண மெழுகுவத்தி வடிகட்டியும் இதற்கு உதவா. ஆர்.ஓ. இயந்திரம் ஃபுளோரைடைப் பெருமளவு குறைக்கும். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்க்கும் ‘நல்கொண்டா’ முறை ஒன்று உண்டு. ஆனால் தண்ணீரின் தன்மைக்கேற்ற சரியான அளவு தெரியாமல் அதை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது.

3. மழைநீரில் ஃபுளோரைடு இல்லையென்றே சொல்லலாம். வானிலிருந்து இறக்கப்படும் நீரைப் பரக்கத்தானது என்று திருமறை கூறுகிறது. தமிழகத்தில் 2003-ல் எல்லா வீடுகளுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. சுத்தமான கூரையிலிருந்து முதல் மழையைக் கழியவிட்டு, பிறகு வருவதை மூடிய தொட்டியில் பிடித்து, காய்ச்சிக் குடிக்கலாம்.

4. உங்கள் கிணற்று நீர் எப்படிப்பட்டது என்று யூகித்துக்கொண்டிருக்க வேண்டாம். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக் கிணறு நல்லதாக இருப்பதால் நம் கிணறும் நல்லதாகிவிடாது. ஒரே தெருவிலும் வித்தியாசம் இருக்கும்.

ஒரு சந்தேகம் எழலாம்: ஒளுவுக்கு ஆகும் தண்ணீர் குடிக்க ஆகாதா? சுத்தம் என்பது வேறு, நலம் என்பது வேறு. ஃபுளோரைடு மிகுந்த நீரும் தன் இயல்பு மாறாத தஹூரான நீர்தான். அதில் செய்த ஒளு செல்லும். ஆனால் தஹூராக இருப்பது ஒன்றே குடிப்பதற்குப் போதிய காரணமாகாது. வெப்ப நாடுகளில் உலோகப் பாத்திரத்தில் வெயிலில் சூடான தண்ணீரை உடலில் பயன்படுத்துவது மக்ரூஹ் என்று ஷாஃபிஈ மத்ஹபின் கிரந்தங்களில் எழுதியிருக்கிறார்கள். அதற்குக் காரணமாக வெண்குஷ்டம் பற்றிய அச்சத்தைக் கூறினார்கள். அந்த மருத்துவக் காரணத்தை ஏற்காத இமாம்களும் உண்டு. ஆயினும், சுத்தமான தண்ணீரானாலும் உடலுக்குத் தீங்கு உண்டா என்று நம் முன்னோர் ஆராய்ந்திருக்கிறார்கள் என்பதே நமக்குப் பாடம். நம்மை நாமே அழிவில் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது இறைக் கட்டளையல்லவா?

பல்லைக் காக்கும் உணவுகள்

தண்ணீர் சரியான பிறகு உணவுக்கு வருவோம். சுண்ணாம்புச் சத்து எனப்படும் கால்சியம் பல்லுக்கும் எலும்புக்கும் உரம். அது மட்டுமல்ல, உணவோடு சேர்ந்த கால்சியம் குடலிலேயே ஃபுளோரைடைப் பிடித்து நிறுத்தி, உடலில் ஏறுவதைக் குறைக்கிறது. வெறும் வயிற்றில் குடித்த ஃபுளோரைடு ஏறக்குறைய முழுவதும் உடலில் சேர்ந்துவிடும்.

இந்தச் சத்துக்காக விலையுயர்ந்த டப்பாக்களைத் தேடி ஓட வேண்டியதில்லை. நம் மண்ணிலேயே இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அரிசியில் இதில் சிறு பங்குகூட இல்லை. எள்ளில் 1,000 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. முருங்கைக் கீரையும் அகத்திக் கீரையும் இச்சத்து மிகுந்தவை. 100 கிராம் பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம். தயிரும் மோரும் அவ்வாறே. களி என்றால் ஏழை வீட்டு உணவு என்று முகம் சுளித்து, அதை விட்டு மூன்று வேளையும் அரிசிக்கு மாறிய குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளின் பங்கைக் குறைத்துவிட்டன என்றே சொல்ல வேண்டும்.

கால்சியத்தோடு வைட்டமின் ‘சி’யும் தேவை. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை, முருங்கைக் கீரை ஆகியவற்றில் அது நிறைய உண்டு. ஈறு உறுதிப்படவும் இரத்தம் கசியாதிருக்கவும் அது உதவும். மத்தியப் பிரதேசத்தின் மண்டலா மாவட்டத்தில் ஃபுளோரைடால் கால் வளைந்த பிள்ளைகள் இருந்த கிராமங்களில், ஜபல்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தார் நல்ல தண்ணீரோடு கால்சியமும் வைட்டமின் ‘சி’யும் மிகுந்த உணவையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதில் மழைக்காலத்தில் தானே முளைக்கும் தகரைக் கீரையும் ஒன்று. பிள்ளைகளிடம் முன்னேற்றம் கண்டார்கள். நல்ல தண்ணீரும் நல்ல உணவும் இணைந்தே போக வேண்டும் என்பதற்கு இது சான்று.

தருமபுரிப் புளிக்குச் சந்தையில் பெயர் உண்டு. அந்தப் புளியைச் சிறுவர்களுக்கு அன்றாடம் கொடுத்துப் பார்த்ததில், சிறுநீர் வழியே ஃபுளோரைடு கூடுதலாக வெளியேறியதாக ஹைதராபாத் தேசிய உணவூட்ட நிறுவனத்தார் 2002-ல் எழுதியிருக்கிறார்கள். இதைக் கேட்டவுடன் புளியைக் கரைத்துக் குடிக்கப் புறப்பட வேண்டாம். அளவு மிஞ்சிய புளிப்பு எனாமலை அரிக்கும். குழம்பிலும் ரசத்திலும் சேர்கிற புளியே போதுமானது.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. தேயிலை இயல்பாகவே ஃபுளோரைடைச் சேர்த்துவைக்கும் செடி. கெட்ட தண்ணீரில் நெடுநேரம் கொதித்த தேநீர் இரட்டைச் சுமை. சிறு பிள்ளைகளுக்குத் தேநீர் கொடுத்துப் பழக்கவே கூடாது. கறுப்பு உப்பு எனப்படும் காலா நமக்கிலும், அதைச் சேர்த்த சாட் மசாலாவிலும் ஃபுளோரைடு உண்டு.

இனிப்பும் சொத்தையும்

கறை வேறு, சொத்தை வேறு. வாயிலுள்ள கிருமிகள் இனிப்பைத் தின்று புளிப்புத் திரவத்தை உண்டாக்குகின்றன. அது பல்லை அரிக்கிறது. எவ்வளவு தின்றோம் என்பதோடு, எத்தனை முறை தின்றோம் என்பதும் முக்கியம். உணவோடு ஒரு தடவை தின்ற ஹல்வாவைவிட, நாள் முழுதும் சப்பிக்கொண்டிருக்கும் மிட்டாய் அதிகக் கேடு செய்யும். பால்புட்டியில் சர்க்கரைப் பாலை ஊற்றி வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்கவிடுவது பால்பற்களை அழிக்கும் வழக்கம்.

இங்கே ஒரு சுன்னத்தை நம்மில் பலர் மறந்திருக்கிறோம். பால் குடித்த பிறகு, அதில் கொழுப்பு உண்டு என்ற காரணத்தைச் சொல்லி நபி (ஸல்) அவர்கள் வாய் கொப்பளித்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். கைபர்ப் பயணத்தில் ஸஹ்பா என்னுமிடத்தில் மாவு உணவு உண்ட பின், மஃக்ரிபுக்கு எழுந்த நபியவர்கள் வாய் கொப்பளித்தார்கள், ஸஹாபாக்களும் கொப்பளித்தார்கள், புதிதாக ஒளுச் செய்யாமலே தொழுதார்கள் என்று ஸுவைத் இப்னு நுஃமான் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. ஒளு முறியாத நிலையிலும் வாய் கொப்பளித்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. பிஸ்மில்லாஹ் சொல்லவும் வலக்கையால் உண்ணவும் பிள்ளைக்குக் கற்பிக்கும் தாய், உண்டு முடித்ததும் வாய் கொப்பளிக்கவும் கற்பித்துவிட்டால் பாதிச் சொத்தைக்குக் கதவடைத்தவளாவாள்.

மிஸ்வாக்குக்கு உகாக் குச்சி மேலானது. கிடைக்காவிட்டால் வேப்பங்குச்சி முதலானவையும், பல் துலக்கும் பிரஷும் ஆகும். ஆனால் கறையைப் போக்கச் செங்கல் தூளும் கரியும் போட்டுத் தேய்ப்பது எனாமலைத் தேய்த்துவிடும்; கறை போகாது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பற்பசை பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம். அதை விழுங்காமல் துப்பப் பழக்குங்கள். நம் பகுதிப் பிள்ளைகளுக்கு ஃபுளோரைடு இல்லாத பசை ஏற்றதா என்று பல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோன்பு நேரத்தில் பசையைத் தவிர்த்து மிஸ்வாக் செய்யுங்கள். ஷாஃபிஈ மத்ஹபில் லுஹர் நேரம் வந்த பிறகு நோன்பாளி மிஸ்வாக் செய்வது மக்ரூஹ். ஹனஃபி மத்ஹபில் எந்நேரமும் ஆகும்.

பள்ளிவாசல்களின் பொறுப்பு

ஜமாஅத்தார் கவனத்துக்கு இரண்டு செய்திகள். மக்தபுக்கு வரும் பிள்ளைகள் தாகம் எடுத்தால் ஒளுச் செய்யும் குழாயிலேயே வாய் வைத்துக் குடிக்கிறார்கள். அது பெரும்பாலும் போர்வெல் தண்ணீர். அவர்கள் வயதோ பல் உருவாகும் வயது. ஆகவே சோதித்த நல்ல நீரைத் தனிப் பானையில் வைத்து, ‘குடிநீர்’ என எழுதி வையுங்கள். தண்ணீர் கொடுப்பது சிறந்த ஸதக்கா என்பதை அறியாதவர் நம்மில் இல்லை.

இரண்டாவது, ரமளான் நோன்புக் கஞ்சி. பெரிய தேக்சாவில் பல மணி நேரம் கொதிக்கும் கஞ்சியைப் போர்வெல் தண்ணீரில் காய்ச்சினால், நாள் முழுதும் வெறும் வயிற்றோடு இருந்த நோன்பாளிக்கு அதுவே முதல் உணவாகிறது. முப்பது நாளும் ஊருக்கே ஊற்றுகிற கஞ்சி அது. காவிரி நீரில் காய்ச்ச ஏற்பாடு செய்வது ஜமாஅத்தின் அமானத்.

கறைபட்ட பல்லும் கறைபட்ட நாவும்

இறுதியாக ஒரு முக்கியமான விஷயம். பல்லில் கறையுள்ள பிள்ளையைப் பல் விளக்காதவன் என்று ஏசுவதும், பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதும், பெண் பார்க்கப் போனவர்கள் அப்பெண்ணின் பல்லைப் பார்த்துத் திரும்பிவிடுவதும் நடக்கின்றன. அவள் செய்த குற்றம் என்ன? மூன்று வயதில் தன் வீட்டார் கொடுத்த தண்ணீரைக் குடித்ததுதான். இது தொற்றுநோயல்ல. தாயிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் பரம்பரை நோயுமல்ல. நல்ல தண்ணீர் குடித்து வளரும் அவள் பிள்ளைகளுக்கு இக்கறை வராது. பரிகாசத்தையும் பட்டப்பெயரையும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் அல்லாஹ் தடுத்திருக்கிறான். பல்லின் கறையைவிட அந்தப் பேச்சின் கறையே பயப்பட வேண்டியது.

மருத்துவரிடம் சென்று கறையை அகற்றலாமா, பல்லுக்கு மேல் உறை போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அழகுக்காகப் பல்லை அராவி இடைவெளி உண்டாக்குவதை நபியவர்கள் கண்டித்திருக்கிறார்கள். சிகிச்சைக்காகவோ பல்லிலுள்ள குறையை நீக்கவோ செய்வதில் குற்றமில்லை என இமாம் நவவீ (ரஹ்) விளக்கியிருக்கிறார்கள். போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களுக்குத் தங்கத்தில் மூக்கு வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்த ஹதீஸும் உண்டு. ஆகவே நோயால் வந்த கறைக்குச் சிகிச்சை ஆகும். கழற்ற முடியாதபடி பதித்த உறை பல்லின் பகுதியாகவே கருதப்படும். குளிப்புக்கு அது தடையல்ல. கழற்றி மாட்டக்கூடியதைக் கடமையான குளிப்பின்போது கழற்றி வாய் கொப்பளிக்க வேண்டும்.

அன்பார்ந்த தாய்மார்களே! உடலுக்கும் நம்மீது ஹக் உண்டு என்பது நபிமொழியின் கருத்து. நம் உடலின் ஹக்கை நாம் மறந்தால் அந்த நஷ்டம் நம்மோடு போகும்; பேச்சு வராத பிள்ளையின் ஹக்கை மறந்தாலோ, அது அவனுடைய ஆயுள் முழுதும் அவனுடைய சிரிப்பில் தெரியும். இன்று உங்கள் அடுப்பில் ஏறும் தண்ணீர் எந்தக் குழாயிலிருந்து வந்தது என்று ஒரு முறை பாருங்கள்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்குச் சுகமான உடலையும், பரக்கத்தான உணவையும், சுத்தமான தண்ணீரையும் தந்து, அவன் தந்த நிஃமத்துகளைப் பேணி ஷுக்ர் செய்யும் தவ்ஃபீக்கை நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.